உலர்ந்த கண்ணுக்கு எண்ணெய் மாத்திரை: வாசகர் கேள்விகளும் மருத்துவர்களின் பதில்களும்

கண் உலர்வு பற்றி வந்த கேள்விகளில் எண்ணெய் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். மீன் எண்ணெய், ஆளி விதை, விளக்கெண்ணெய் என்று ஆளுக்கொன்று கேட்டிருக்கிறார்கள். கண் மருத்துவர்கள் பதில் சொல்கிறார்கள்.

எனக்கு 34 வயது. நாள் முழுக்க கம்ப்யூட்டரில் டிசைன் வேலை. சாயங்காலம் ஆனால் மணல் விழுந்த மாதிரி கண் உறுத்துகிறது, எரிகிறது. டாக்டர் ‘டிரை ஐ’ என்றார். மீன் எண்ணெய் மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்கிறாள் தோழி. வாயில் போடும் எண்ணெய் கண்ணுக்கு எப்படிப் போகும்?
– வாசகி, திருப்பூர்

அப்படியே போவதில்லை. விழுங்கும் எண்ணெய் கண்ணில் சுரந்து வரும் என்று பலர் நினைக்கிறார்கள். மாத்திரைப் பெட்டிகளின் மேலே இருக்கும் படங்களும் அந்த நினைப்பை வளர்க்கின்றன.

கண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. கருவிழியை ஒட்டிச் சளி போன்ற ஒரு பூச்சு, அதன்மேல் நீர், எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம். இந்த எண்ணெய்தான் அடியில் இருக்கும் நீர் ஆவியாகாமல் காக்கிறது. இதைச் சுரப்பவை இமைக்குள் வரிசையாக நிற்கும் மெய்போமியன் சுரப்பிகள். மேல் இமையில் 25 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30 வரை இருக்கும். இமை மயிருக்குச் சற்றுப் பின்னால், இமை விளிம்பிலேயே இவற்றின் வாய்கள் இருக்கின்றன. கண் உலர்வு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குக் கோளாறு இந்த வாய்களில்தான். உள்ளே எண்ணெய் இருக்கிறது. ஆனால் மார்கழியில் பாட்டிலுக்குள் உறைந்துபோன தேங்காய் எண்ணெய் மாதிரி தடித்துவிடுவதால் வெளியே வருவதில்லை.

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் (இபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டும் முக்கியம்) உடலில் அழற்சியைத் தூண்டும் பொருட்களைக் குறைக்கின்றன. இமை விளிம்பில் அழற்சி குறைந்தால் சுரப்பும் சீராகலாம் என்பதுதான் இதன் பின்னால் உள்ள கருத்து. கருத்தில் தவறில்லை. சோதித்துப் பார்த்தபோது என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் 535 பேரை வைத்து ‘டிரீம்’ என்ற ஆய்வு நடந்தது. முடிவு 2018இல் வெளியானது. ஒரு பிரிவுக்குத் தினமும் 3,000 மில்லிகிராம் ஒமேகா-3 (2,000 இபிஏ, 1,000 டிஹெச்ஏ), இன்னொரு பிரிவுக்கு அதேபோன்ற மாத்திரையில் ஆலிவ் எண்ணெய். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவுக்குமே தொந்தரவு குறைந்திருந்தது. நூற்றுக்குப் போடும் தொந்தரவு மதிப்பெண்ணில் ஒமேகா-3 பிரிவுக்கு 13.9 குறைந்தது, ஆலிவ் பிரிவுக்கு 12.5. இதைப் பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆலிவ் எண்ணெயே நல்லது செய்திருக்கலாமே என்று சிலர் வாதாடுகிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது நாளுக்கு சுமார் ஒரு டீஸ்பூன். நம் வீட்டில் ஒரு தோசைக்கு ஊற்றும் எண்ணெயே அந்த அளவு வரும்.

இதற்கு மாறாக, இந்தியாவில் கம்ப்யூட்டர் வேலை செய்பவர்களிடமும் மற்றவர்களிடமும் நடந்த சில ஆய்வுகளில் மூன்று மாதத்தில் நல்ல பலன் தெரிந்தது. ஆகவே எங்கள் நிலை இது: மீனே சாப்பிடாதவர் மூன்று மாதம் போட்டுப் பார்க்கலாம். வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். மாத்திரையை நம்பிச் சொட்டு மருந்தையும் இமைக்கு ஒத்தடத்தையும் கைவிடக் கூடாது. ‘டிரீம்’ ஆய்வில் இருந்தவர்கள்கூட வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டே மாத்திரையையும் போட்டார்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. சாதாரணமாக நிமிடத்துக்கு 15, 20 முறை இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. இமைக்கிற ஒவ்வொரு முறையும்தான் சுரப்பி பிதுங்கி எண்ணெய் வருகிறது. பாதி இமைத்தால் வராது. திரையைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்கி வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் பார்த்தபடி பத்துத் தடவை முழுசாக, மேல் இமை கீழ் இமையைத் தொடும்படி மூடித் திறங்கள். டேபிள் ஃபேனோ ஏசி காற்றோ முகத்துக்கு நேரே அடித்தால் முதலில் அதைத் திருப்புங்கள்.

மருந்துக்கடையில் ‘1000 எம்ஜி’ மீன் எண்ணெய் மாத்திரை வாங்கினேன். தினம் ஒன்று போதுமா? சாப்பிட்டதும் மீன் ஏப்பம் வருகிறதே?
– வாசகர், நாகர்கோவில்

பாட்டிலின் முன்பக்கத்தில் இருக்கும் 1000 என்பது மொத்த எண்ணெயின் எடை. உங்களுக்கு வேண்டிய கணக்கு பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும். சாதாரண மாத்திரையில் இபிஏ 180, டிஹெச்ஏ 120, ஆக 300 மில்லிகிராம்தான். மிச்சம் 700 வேறு கொழுப்பு. ‘டிரீம்’ ஆய்வில் கொடுத்த அளவை இதில் எட்ட வேண்டுமானால் நாளுக்குப் பத்து மாத்திரை விழுங்க வேண்டும். செறிவூட்டிய வகையில் ஒரே மாத்திரையில் 500, 600 என்று இருக்கும். விலை கூடுதல்தான், ஆனால் இபிஏ, டிஹெச்ஏ கூட்டுத்தொகையால் வகுத்துப் பார்த்தால் சில நேரம் அதுவே மலிவாக வரும். மூன்று மாதச் சோதனைக்கு இரண்டும் சேர்ந்து நாளுக்கு 1,000 முதல் 2,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போவதானால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

பின்பக்கத்தில் ‘எத்தில் எஸ்டர்’ (ஒமேகா-3இன் ஒரு வடிவம்) என்று போட்டிருந்தால் வெறும் வயிற்றில் போடுவது வீண். கொழுப்புள்ள உணவோடு போட்டால்தான் குடல் அதை உறிஞ்சும். காலையில் காபியோடு போடுபவர்கள்தான் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று அதிகம் சொல்கிறார்கள். மதியச் சாப்பாட்டில் பாதி முடிந்ததும் மாத்திரையை விழுங்கிவிட்டு மீதியைச் சாப்பிடுங்கள். ஏப்பமும் இதில் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஒரே வேளையில் இரண்டு போடுவதை மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏப்பம் கசந்து, காறலாக வந்தால் எண்ணெய் கெட்டிருக்கலாம். ஒரு மாத்திரையை ஊசியால் குத்தி முகர்ந்து பாருங்கள். லேசான மீன் வாசனை இருந்தால் பரவாயில்லை. பெயின்ட் மாதிரியோ சிக்கு வாடையோ அடித்தால் பாட்டிலையே தூக்கிப் போடுங்கள். காறிய எண்ணெய் அழற்சியைக் குறைக்காது. நம் ஊர் சித்திரை வெயிலில் அடுப்பு மேல் அலமாரியில் வைத்தால் இது சீக்கிரமே நடக்கும். 60 மாத்திரைக்கு மேல் உள்ள பாட்டில் வேண்டாம். திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கலாம்.

நாங்கள் சைவம். ஆளி விதை எண்ணெய் மீன் எண்ணெய்க்குச் சமம் என்கிறார்களே?
– வாசகி, கும்பகோணம்

சமம் இல்லை. ஆளி விதையில் இருப்பது ஏஎல்ஏ என்ற ஒமேகா-3. உடல் அதை இபிஏவாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாறுவது நூற்றில் சில பங்குதான். டிஹெச்ஏவாக மாறுவது அதைவிடவும் சொற்பம். உடம்புக்கு நல்ல உணவு என்பதில் சந்தேகமில்லை, ஆனால் கண்ணுக்கான மருந்து என்று நினைத்து அளவை ஏற்றிக்கொண்டே போக வேண்டாம்.

சாப்பிடுவதானால் பொடித்துச் சாப்பிடுங்கள். முழு விதை பெரும்பாலும் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். ஒரு டேபிள்ஸ்பூன் பொடியில் சுமார் ஒன்றரை கிராம் ஏஎல்ஏ கிடைக்கும். வெறும் சட்டியில் லேசாக வெடிக்கும்வரை வறுத்து, ஆறவிட்டு, மிளகாய் வற்றல், பூண்டு, உப்பு சேர்த்து இட்லிப் பொடியாக அரைத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்துக்கு மேல் அரைத்து வைக்காதீர்கள். எண்ணெயாக வாங்கினால் அதில் தாளிக்கக் கூடாது, சூட்டில் கெட்டுவிடும். சாதத்தின் மேல் ஊற்றிக்கொள்வதோடு சரி. நார்ச்சத்து அதிகம் என்பதால் பொடி சாப்பிடும்போது தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மலச்சிக்கலில் கொண்டுபோய் விடும்.

சைவர்களுக்கு நேரான மாற்று, பாசி எண்ணெய் மாத்திரை. மீனுக்கே டிஹெச்ஏ கிடைப்பது கடல் பாசியிலிருந்துதான். நடுவில் மீன் இல்லாமல் எடுப்பது இது. வாங்குமுன் மேலுறை ஜெலட்டினா, தாவரப் பொருளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாசியிலிருந்து எடுத்த எண்ணெயை மாட்டு ஜெலட்டினுக்குள் அடைத்து விற்பதும் உண்டு.

ராத்திரி கண்ணில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் காலையில் குளிர்ச்சியாக இருக்கும் என்று மாமியார் சொல்கிறார். விடலாமா?
– வாசகி, தேனி

விடாதீர்கள். தேங்காய் எண்ணெய், தேன், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

விளக்கெண்ணெய் கண்ணுக்கு ஆகாத பொருள் என்று சொல்லவில்லை. உலர் கண்ணுக்கு எழுதித்தரும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து ஒன்றில் 1.25 சதவீதம் விளக்கெண்ணெய் இருக்கிறது. 2 சதவீத விளக்கெண்ணெய்ச் சொட்டை ஜப்பானில் சோதித்து, சுரப்பி அடைப்பில் பலன் இருப்பதாக 2002இல் எழுதினார்கள். உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த மருந்துகளில் இருப்பது நீரோடு நுண்ணிய துளிகளாகக் கலந்து, கிருமி நீக்கி, மூடி முத்திரையிட்ட எண்ணெய். வீட்டு பாட்டிலில் இருப்பது செக்கிலிருந்தோ கடையிலிருந்தோ வந்து, பல கை பட்டு, மூடி திறந்து கிடந்த எண்ணெய். உலர்ந்த கண்ணில் கருவிழி மேல் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். கிருமிக்கு அவை திறந்த வாசல். பூஞ்சையால் வரும் கருவிழிப் புண் நம் தென்மாவட்டங்களில் அதிகம். ஆறினாலும் வெள்ளைத் தழும்பு விட்டுப் பார்வையைக் கெடுக்கும்.

கிருமி நீக்கம் எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2023இல் அமெரிக்காவில், தொழிற்சாலையில் தயாரித்து விற்ற செயற்கைக் கண்ணீர் மருந்திலேயே சூடோமோனாஸ் கிருமி கலந்து, பலர் பார்வை இழந்தார்கள், சிலர் உயிரும் இழந்தார்கள்.

மாமியார் மனம் கோணக் கூடாது என்றால் உள்ளங்காலில் தேய்த்துக்கொள்ளுங்கள், அதில் ஆபத்தில்லை. எண்ணெய்ப் படலம் குறைந்தவர்களுக்கென்றே எண்ணெய் கலந்த சொட்டு மருந்துகள் மருந்துக்கடையில் கிடைக்கின்றன. டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் ஊற்றுகிறது. டாக்டரோ ‘வறண்டிருக்கிறது’ என்கிறார். எப்படி?
– வாசகர், மன்னார்குடி

வறண்ட கருவிழி எரிச்சலில் மூளைக்குத் தகவல் அனுப்புகிறது, பெரிய கண்ணீர்ச் சுரப்பி திறந்துவிடுகிறது. அந்தத் தண்ணீரில் எண்ணெய் இல்லாததால் கன்னத்தில் வழிந்துவிடும், கண்ணில் நிற்காது. வண்டி ஓட்டும்போதும் காற்றடிக்கும்போதும் அதிகமானால் பெரும்பாலும் இதுதான். ஒரே கண்ணில் மட்டும், நாள் முழுக்க வழிந்தால் கண்ணீர்ப் பாதை அடைப்பா என்று பார்க்க வேண்டும். சிவப்பைப் போக்கும் ‘கூலிங்’ சொட்டுகளை இதற்கு வாங்கி ஊற்றாதீர்கள். அவை ரத்தக் குழாயைச் சுருக்கும், ஈரம் தராது. ஊற்றுவதை நிறுத்தியதும் சிவப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பும்.

இமைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் கொடுத்தும் பலனில்லை. மாத்திரைக்கே போய்விடலாமா?
– வாசகி, சென்னை

எப்படிக் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஐந்து நிமிடம் வைத்திருந்தால், அதில் முதல் இரண்டு நிமிடம்தான் ஒத்தடம். மீதி நேரம் நீங்கள் வைத்திருந்தது ஈரத் துணி. தடித்த எண்ணெய் உருக இமையின் உட்புறம் 40 டிகிரி செல்சியஸ் அருகே சில நிமிடங்களாவது நிற்க வேண்டும்.

துணியில்தான் கொடுப்பீர்கள் என்றால் நாலைந்து சிறு டவல்களை நனைத்து, ஒன்றைச் சுற்றி ஒன்றாக உருட்டிச் சூடான பாத்திரத்தில் மூடி வையுங்கள். வெளித்துண்டை எடுத்துக் கண்மேல் போட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்ததை மாற்றுங்கள். இதைவிட எளிது அரிசி. சுத்தமான பருத்தி சாக்ஸில் ஒரு கப் பச்சரிசி போட்டு முடிந்து, மைக்ரோவேவில் 20 நொடி சூடாக்கி, குலுக்கிவிட்டு முழங்கையின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். இதமாக இருக்க வேண்டும், சுரீரென்று இருக்கக் கூடாது. போதாவிட்டால் ஐந்து ஐந்து நொடியாகக் கூட்டுங்கள். இது எட்டு, பத்து நிமிடம் சூடு தாங்கும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு, மூடிய இமைமேல் சும்மா வைத்தால் போதும். அழுத்த வேண்டாம். சர்க்கரை நோயால் தோல் உணர்ச்சி மங்கியவர்களுக்கு வேறு யாராவது சூட்டைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

எடுத்ததும் ஆறுவதற்குள் நீவ வேண்டும். பலர் விட்டுவிடும் இடம் இதுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழே பார்த்தபடி கண்ணை மூடி, மேல் இமையை மேலிருந்து மயிர் நோக்கிக் கீழே தள்ளுங்கள். கீழ் இமைக்கு மேலே பார்த்தபடி, கீழிருந்து மேலே தள்ளுங்கள். மூக்கு ஓரத்திலிருந்து காது ஓரம் வரை நாலைந்து இடம், ஒவ்வொன்றிலும் ஐந்து தடவை. விரல் இமை விளிம்பில் நிற்க வேண்டும், விழி உருண்டையை அமுக்கக் கூடாது. கருவிழி கூம்பும் கெரட்டோகோனஸ் உள்ளவர்களும் அண்மையில் கண் அறுவைச் சிகிச்சை செய்தவர்களும் நீவவே வேண்டாம். நீவியதும் கொஞ்ச நேரம் பார்வை மங்கலாகத் தெரியும். எண்ணெய் வெளியே வந்ததன் அடையாளம் அது, பயப்பட வேண்டாம்.

கடைசியாக, கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சாலோ மருந்துக்கடை இமைத் துடைப்பானாலோ மயிர் வேரைப் பக்கவாட்டில் துடையுங்கள். மயிர் அடியில் குழாய் போலச் செதில் ஒட்டியிருந்தால் டெமோடெக்ஸ் என்ற நுண்பேன் இருக்கலாம். அதற்கு டீ ட்ரீ எண்ணெய் நல்லது என்று படித்துவிட்டு நேராக அந்த எண்ணெயைத் தடவாதீர்கள். அது கருவிழியைச் சுட்டுவிடும். அளவாகக் கலந்து விற்கும் துடைப்பான் மட்டும் போதும்.

காலை, மாலை இரண்டு வேளையாக முதல் ஒரு மாதம், பிறகு தினம் ஒருமுறை. ஒரு வாரம் போதாது. இமையின் உள்விளிம்பில் மை இழுக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். சுரப்பிகளின் வாயை நீங்களே அடைத்துக்கொண்டு ஒத்தடம் கொடுப்பதில் பயன் என்ன?

சீ பக்தார்ன் எண்ணெய், ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் என்றெல்லாம் ஆன்லைனில் விற்கிறார்களே?
– வாசகர், கோவை

சீ பக்தார்ன் என்பது லடாக்கில் விளையும் ஆரஞ்சு நிறச் சிறு பழம். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகம் 2010இல் வெளியிட்ட ஆய்வில், தினம் 2 கிராம் எண்ணெய் மூன்று மாதம் எடுத்துக்கொண்டவர்களுக்குக் குளிர்காலத்தில் கண்ணீரின் உப்பு அடர்த்தி மற்றவர்களைவிடக் குறைவாகவே ஏறியது. ஹீட்டர் ஓடும் பின்லாந்துக் குளிரில் கிடைத்த முடிவு அது. சென்னைப் புழுக்கத்துக்கும் பொருந்தும் என்று சொல்லத் துணியவில்லை. ஈவ்னிங் பிரிம்ரோஸில் உள்ள ஜிஎல்ஏ என்ற கொழுப்பு அமிலம், மீன் எண்ணெயோடு சேர்த்துக் கொடுத்தபோது சில சிறு ஆய்வுகளில் உதவியிருக்கிறது. இரண்டுமே விலை அதிகம். எங்கள் சிபாரிசில் இவை முதலிடத்தில் இல்லை.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறார். அவருக்கும் கண் எரிச்சல். மீன் எண்ணெய் கொடுக்கலாமா? கர்ப்பமாக இருக்கும் தங்கைக்குக் காட் லிவர் எண்ணெய் தரலாமா?
– வாசகி, மதுரை

அப்பாவுக்கு இதய மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின், வார்ஃபரின் போடுபவர்களுக்கு ரத்தக் கசிவு ஒரு கவலை என்றால், இதயத் துடிப்பு தாறுமாறாகும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ இன்னொன்று. நாளுக்கு ஒரு கிராமுக்கு மேல் ஒமேகா-3 எடுத்த இதய நோயாளிகளிடம் அது சற்று அதிகமாக வந்ததைப் பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. கண் எரிச்சலுக்காக இந்த ஆபத்தை வாங்க வேண்டாம். ஒத்தடமும் பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீரும் அவருக்குப் போதும்.

தங்கைக்கு வேண்டவே வேண்டாம். காட் லிவர் எண்ணெய் மீனின் ஈரலிலிருந்து எடுப்பது; அதில் வைட்டமின் ஏ நிறைய உண்டு. கர்ப்பத்தில் அது அளவுக்கு மீறினால் கருவைப் பாதிக்கும். மீன் எண்ணெயும் காட் லிவர் எண்ணெயும் ஒன்றல்ல. மருந்துக்கடையில் ஒன்று கேட்டால் இன்னொன்றைத் தருவது சகஜம், அதனால் பெயரைப் படித்து வாங்குங்கள்.

வயது 47. கண்ணோடு வாயும் வறள்கிறது, தண்ணீர் இல்லாமல் சப்பாத்தி இறங்கவில்லை. விரல் மூட்டும் வலிக்கிறது. எந்த எண்ணெய் நல்லது?
– வாசகி, வேலூர்

எண்ணெயைத் தள்ளி வையுங்கள். உங்களுக்கு முதலில் வேண்டியது ரத்தப் பரிசோதனை. கண், வாய், மூட்டு மூன்றும் சேர்ந்தால் ஷோகிரன் நோயா என்று பார்க்க வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் இது. உங்கள் வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம். கண் மருத்துவர் கீழ் இமைக்குள் காகிதப் பட்டை ஒன்றை ஐந்து நிமிடம் வைத்துப் பார்ப்பார். 5 மில்லிமீட்டருக்கு மேல் நனையாவிட்டால் நீர்ச் சுரப்பே குறைவு என்று பொருள். அடுத்து மூட்டு வாத நிபுணரிடம் போக வேண்டும். ஒவ்வாமைக்கு செடிரிசின், தூக்கத்துக்கோ வலிக்கோ அமிட்ரிப்டிலின் போடுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். அவையும் கண்ணையும் வாயையும் வறளவைக்கும்.

மாத்திரைக்குப் பதில் மீனே சாப்பிட்டால்? எந்த மீன், எவ்வளவு?
– வாசகர், தூத்துக்குடி

உங்கள் ஊரில் இருந்துகொண்டு மாத்திரை வாங்குவதுதான் வியப்பு. மத்தி எனப்படும் சாளை, அயிலை, நெத்திலி. இந்த மூன்றும் போதும், வஞ்சிரத்துக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. கொழுத்த மத்தி 100 கிராமில் இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்ந்து ஒரு கிராம் அளவுக்குக் கிடைக்கும்; மெலிந்த காலத்தில் குறையும். வாரம் இரண்டு, மூன்று முறை, ஒவ்வொரு தடவையும் நாலைந்து மத்தி. குழம்பு வையுங்கள், அல்லது வாழை இலையில் மடித்துத் தவாவில் சுடுங்கள். எண்ணெயில் முக்கிப் பொரித்தால் மீனின் கொழுப்பு சட்டிக்குப் போகும், சட்டியில் உள்ள எண்ணெய் மீனுக்குள் வரும். கருவாடு உப்பு அதிகம் என்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சரிவராது.